இதழாக மாறிய மகரந்தத் தாள்

மதுரையில் பூவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இன்றைய பாடத்துக்கு மாட்டுத்தாவணிப் பூச்சந்தை வரை போக வேண்டாம். ஒற்றைச் செம்பருத்தி ஒன்று, அடுக்குச் செம்பருத்தி ஒன்று பறித்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைப் பூவில் வெளியே பச்சைப் புல்லி வட்டம். அதற்குள் ஐந்து அல்லி இதழ்கள். நடுவே நீண்ட குழல். குழலின் மேல் மகரந்தத் தாள்கள். நுனியில் ஐந்து சூல்முடிகள். இனி அடுக்குப் பூவை ஒவ்வோர் இதழாகப் பிரியுங்கள். உள்ளே செல்லச் செல்ல இதழ்கள் சிறுத்துச் சுருங்கியிருக்கும். பொறுமையாகத் தேடினால், ஓரத்தில் மஞ்சள் மகரந்தப் பை ஒட்டிய இதழ் ஒன்று கிடைக்கலாம். பாதி இதழ், பாதி மகரந்தத் தாள்!

பூவின் உறுப்புகள் யாவும் உருமாறிய இலைகளே என்று ஜெர்மன் கவிஞர் கதே 1790-இல் எழுதினார். 1991-இல் கோயன், மெயரோவிட்ஸ் என்ற இரு அறிஞர்கள், ஸ்நாப்டிராகன், அராபிடாப்சிஸ் ஆகிய செடிகளை ஆராய்ந்து, அந்த உருமாற்றத்துக்கு ஒரு விதி தந்தார்கள். நான் இயற்பியல் ஆசிரியன். எனக்கு அது சுவிட்சுப் பலகையாகவே தோன்றுகிறது.

மொட்டில் ஏ, பி, சி என மூன்று வகை ஜீன்கள் வேலை செய்கின்றன. ஏ மட்டும் இயங்கும் இடத்தில் புல்லி இதழ் தோன்றும். ஏ, பி இரண்டும் சேர்ந்தால் அல்லி இதழ். பி, சி சேர்ந்தால் மகரந்தத் தாள். சி மட்டும் என்றால் சூலகம். ஏயும் சியும் ஓரிடத்தில் சேர்ந்து இயங்குவதில்லை. ஒன்று அணைந்தால் மற்றது அங்கே பரவும். அப்படியானால் சி அணைந்த பூ எப்படியிருக்கும்? நோட்டில் நீங்களே போட்டுப் பாருங்கள். மகரந்தத் தாள் வர வேண்டிய இடத்தில் ஏயும் பியும். அதாவது அல்லி இதழ்! பூவின் வளர்ச்சியை நடுவில் நிறுத்துவதும் சியின் வேலையே. அது இல்லாதபோது வட்டத்துக்குள் வட்டமாக அடுக்கு நீளுகிறது. ரோஜாவில் சி முற்றும் அணையவில்லை. அதன் எல்லை நடுவை நோக்கிக் குறுகிவிட்டது. காட்டு ரோஜாவுக்குப் பெரும்பாலும் ஐந்தே இதழ்கள்.

இதழ் கூடினால் மகரந்தம் குறையும், விதையும் அரிதாகும். காட்டில் இத்தகைய செடி நிலைப்பது கடினம். நம் தோட்டத்தில் அது வாழ்வது, மனிதன் குச்சி வெட்டி ஊன்றுவதால்தான். (2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியையும் குச்சி வைத்தே பெருக்குகிறார்கள்.)

ஆயினும் இந்த உருமாற்றம் தோட்டக்காரர் புகுத்தியதன்று. பல தாவரக் குடும்பங்களில் அல்லி இதழ்கள் மகரந்தத் தாள்களிலிருந்தே பரிணமித்தன என்பது தாவரவியலார் கருத்து. மழைக்குப் பின் கண்மாயில் ஆம்பல் பூக்கும்போது ஒன்று பறியுங்கள். கரையோரத்துப் பூ போதும்; ஆழத்தில் இறங்காதீர்கள். அதன் வெளி மகரந்தத் தாள்கள் இதழ்போல் தட்டையாக இருக்கும். எல்லா உறுப்புகளையும் வெளியிலிருந்து உள்ளே வரிசையாகத் தாளில் ஒட்டி, இதழ் முடிந்து மகரந்தத் தாள் தொடங்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட முயலுங்கள்.