கப்பல் பயணமும் தொழுகையும்

கடலைப் பிளந்து கப்பல் செல்வதை அல்லாஹுத்தஆலா தன் அத்தாட்சிகளில் ஒன்றாகத் திருக்குர்ஆனில் பல இடங்களில் எடுத்துக் கூறுகிறான். நாஞ்சில் நாட்டினராகிய நமக்குக் கடல் புதிதல்ல. குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் அலையோசை கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். ஆயினும் கரையில் நின்று கடலைப் பார்ப்பது வேறு. அதன் மேல் ஓர் இரவைக் கழிப்பது வேறு.

முன்னொரு காலத்தில் ஹஜ்ஜுக்குச் செல்வோர் ரயிலில் பம்பாய் சென்று, அங்கிருந்து 'அக்பர்', 'நூர்ஜஹான்' போன்ற கப்பல்களில் ஜித்தா சென்றனர். 1995-ஆம் ஆண்டோடு அந்தக் கடல் பயணம் நின்றது. நடுக்கடலில் யலம்லம் எல்லைக்கு நேராக வரும்போது இஹ்ராம் அணிந்ததை நம் ஊர்ப் பெரிய ஹாஜியார்கள் இன்றும் சொல்வார்கள். அந்தத் தலைமுறை கப்பல் மஸ்அலாக்களைக் கற்றுக்கொண்டு ஏறிற்று. அவர்களுக்குப் பின் வந்த நமக்கு அந்தப் பாடம் விட்டுப்போயிற்று.

இப்போதோ கப்பல் பயணம் மீண்டும் நம் வீடுகளுக்கு வந்திருக்கிறது. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குக் குடும்பம் குடும்பமாகச் செல்கிறார்கள். 2022-இல் சென்னையிலிருந்து உல்லாசக் கப்பல் தொடங்கிற்று. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விடப்பட்டது. எனவே விட்டுப்போன பாடத்தை மீண்டும் ஓத வேண்டியிருக்கிறது. நமக்கு நேர்ந்த ஒரு தவறே இதை எழுதத் தூண்டியது.

நாம் செய்த தவறு

சென்ற ஆண்டு ஏப்ரல் மாதம் நம் ஜமாஅத்திலிருந்து ஐந்து குடும்பத்தினர் லட்சத்தீவு சென்றனர். நாமும் உடன் சென்றோம். புறப்படுமுன் மூன்று நாள் இஷாவுக்குப்பின் பள்ளிவாசலில் பயணத் தொழுகையின் சட்டங்களைக் கூறினோம். ஆண்கள் கேட்டார்கள். கேட்டவர்கள் வீட்டிற்குப் போய்ச் சொல்வார்கள் என்று எண்ணிவிட்டோம்.

கப்பல் கொச்சியை விட்டு நகர்ந்து கரை மறைந்ததும் ஆட்டம் தொடங்கியது. நம்முடன் வந்த ஓர் உம்மாவுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். மாலையிலேயே வாந்தி எடுத்துப் படுத்துவிட்டார். மறுநாள் காலை அவருடைய பேத்தி வந்து அழைத்தாள். போய்ப் பார்த்தோம். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"உஸ்தாதே, உடுப்பெல்லாம் நஜீஸாயிட்டு. எழும்பி நிக்க முடியல்ல. கிப்லா எங்கன்னும் தெரியல்ல. மூணு வக்து போயிட்டு. எனக்கு ஓர்மை வந்த நாள் முதல் இப்படி நான் தொழுகையை விட்டதில்லை."

நோயினால் அல்ல, இந்தத் துயரத்தினால்தான் அவர் ஒரு வாய்க் கஞ்சிகூடக் குடிக்க மறுத்திருந்தார். நாம் சட்டத்தைச் சொன்னோம். பேத்தி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து உடை மாற்றி, படுக்கையிலேயே ஒளூச் செய்துவைத்து, சுவரில் சாய்த்துக் கிப்லாவை நோக்கி அமர்த்தினாள். மக்ரிப் மூன்று, இஷா இரண்டு, சுபுஹு இரண்டு என வரிசையாகக் களாத் தொழுதார். பிறகு கஞ்சியும் குடித்தார். முகம் தெளிந்தபின் அவர் கேட்டது இதுதான்:

"இத்தன லேசா? வீட்டுல வச்சே எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கலாமே, உஸ்தாதே?"

நம்மிடம் பதில் இல்லை. மார்க்கம் அவரைக் கைவிடவில்லை; கற்றுக்கொடுக்க வேண்டிய நாம்தான் விட்டுவிட்டோம். அறியாத சலுகை எவருக்கும் உதவாது. ஆகவே இதை வாசிக்கும் சகோதரர்கள் பயணம் புறப்படுமுன் வீட்டிலுள்ள பெண்களையும் முதியவர்களையும் அமர்த்தி வாசித்துக் காட்டுவார்களாக! நம் மாவட்டத்தில் ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபினரும் இருப்பதால் இரண்டையும் கூறுகிறோம்.

நிற்க முடியுமா, முடியாதா?

கப்பலில் எப்படித் தொழுவது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, மூழ்கிவிடும் அச்சம் இல்லையேல் நின்றே தொழுமாறு பணித்ததாக ஹதீஸில் வருகிறது. நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் விலாப்புறமாகப் படுத்தும் தொழலாம் என்பது இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் வாயிலாக வந்த பிரபலமான ஹதீஸ்.

ஆகவே திடமாக நிற்க முடிந்தவர் பர்ளைத் தொழும்போது நிற்க வேண்டும். தலைசுற்றி விழுந்துவிடுவோம் என்ற நிலையில் உள்ளவர் உட்கார்ந்து தொழுவார். அந்தத் தொழுகையை மீட்டத் தேவையில்லை. நம்முடன் வந்த முதியவர் ஒருவர் வீம்பாக நின்று தொழுது, கப்பல் சாய்ந்தபோது இரும்புப் படியில் விழுந்து நெற்றியைக் காயப்படுத்திக்கொண்டார். சலுகையை மறுப்பது பேணுதல் ஆகாது.

ஒளூவும் உடையும்

வாந்தி நஜீஸ். உடையில் பட்டால் கழுவ வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் வாந்தியால் ஒளூ முறியாது. ஹனஃபி மத்ஹபில் வாய் நிறைய எடுத்தால் முறியும். இதற்காகவே ஒவ்வொருவரும் தொழுகைக்கென ஒரு சுத்தமான உடையைத் தனிப் பையில் கட்டிவைப்பது நல்லது.

கப்பலில் தண்ணீர் இருக்கும்போது தயம்மும் செய்யலாகாது. எழ முடியாதவருக்குத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுப்பது உடனிருப்பவர் கடமை. கொஞ்சம் தண்ணீரோடு கடலில் செல்கிறோம், கடல் நீரில் ஒளூச் செய்யலாமா என்று ஒருவர் கேட்டபோது, கடல் நீர் தூய்மையானது என்று நபியவர்கள் விடையளித்ததை அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் காணலாம்.

கிப்லாவைக் காணும் வழி

நம் கன்னியாகுமரியிலும், கொச்சியிலும், லட்சத்தீவிலும் கிப்லா ஏறத்தாழ ஒன்றே. நேர்மேற்கிலிருந்து சுமார் 23, 24 டிகிரி வடக்கே சாய்ந்தது. கொச்சியிலிருந்து கவரத்திக்குப் போகும் கப்பல் ஏறக்குறைய மேற்கு நோக்கியே செல்வதால், போகும்போது கப்பலின் முன்புறத்தை நோக்கிச் சற்று வலப்புறம் திரும்ப வேண்டும். வரும்போது பின்புறத்தை நோக்கிச் சற்று வலப்புறம் திரும்ப வேண்டும்.

கைபேசியிலுள்ள திசைகாட்டியை மட்டும் நம்ப வேண்டாம். சுற்றிலும் இரும்பு இருப்பதால் அது தவறாகக் காட்டக்கூடும். நம் குழுவில் மூன்று வாலிபர்கள் ஒரே அறையில் மூன்று திசை காட்டினார்கள்! அஸர் நேரத்தில் சூரியனைப் பாருங்கள். இரவில் கப்பல் ஊழியரிடம் கேளுங்கள். தொழுகையின் நடுவில் கப்பல் திரும்புவது தெரிந்தால், தொழுகையை விடாமல் நாமும் கிப்லா பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும்.

சுருக்குவதும் சேர்ப்பதும்

ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணமாயின், சொந்த ஊர் எல்லையைக் கடந்ததிலிருந்து நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கலாம். ஷாஃபிஈயில் இது சலுகை, ஹனஃபியில் கட்டாயம். கன்னியாகுமரியில் படகேறி விவேகானந்தர் பாறைக்குப் போய்வந்து, கடலில் போனோமே, கஸ்ர் உண்டா என்று கேட்போருக்கு, இல்லை என்பதே பதில். கடல் அல்ல, தூரமே கணக்கு. நாகர்கோவிலிலிருந்து கொச்சிக்கு ரயிலேறுபவரோ கப்பலில் ஏறுமுன்பே பயணியாகிவிடுகிறார்.

ஷாஃபிஈ மத்ஹபில் ளுஹரையும் அஸரையும், மக்ரிபையும் இஷாவையும் ஒரே வக்தில் சேர்த்துத் தொழலாம். துறைமுகத்தில் சோதனைக்கும் வரிசைக்கும் நெடுநேரமாகும். ஆதலால் ளுஹர் வக்து வந்தபின் துறைமுகம் செல்வோர், இரண்டையும் முன்கூட்டியே சேர்த்துத் தொழுதுவிட்டால் மனம் நிம்மதியாக இருக்கும். முதல் தொழுகையிலேயே சேர்க்கும் நிய்யத் வேண்டும். இரண்டையும் இடைவெளியின்றித் தொழ வேண்டும். ஹனஃபி மத்ஹபினர் ஒன்றைக் கடைசி நேரத்திலும் அடுத்ததை அதன் முதல் நேரத்திலும் தொழுவார்கள்.

தீவு மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள், ஷாஃபிஈ மத்ஹபினர். அங்குப் பள்ளியில் உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் நான்கு ரக்அத்தும் முழுமையாகத் தொழ வேண்டும். கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதமாகி, இன்றோ நாளையோ கிளம்பும் என்று காத்திருப்பவர் ஷாஃபிஈ மத்ஹபில் பதினெட்டு நாள் வரை சுருக்கலாம்.

உடலைப் பேணுவது

ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கடுமையாக இருக்கும். முதியவர்களுடன் அப்போது போக வேண்டாம். ஏறுமுன் வயிறு நிறைய உண்ணாதீர்கள், பட்டினியும் கிடக்காதீர்கள். ஆட்டம் குறைவாக இருப்பது கப்பலின் நடுப்பகுதியிலும் கீழ்த்தளத்திலும்தான். குமட்டல் வந்தால் வெளியே வந்து அடிவானத்தைப் பாருங்கள். அதற்கான மாத்திரையை வாந்தி வருமுன்பே சாப்பிட வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்க.

சில தீவுகளில் கப்பல் கரையை அணையாது. கடலிலேயே சிறு படகுக்கு மாற வேண்டும். அவ்விடத்தில் பெண்கள் புர்காவின் தொங்கலை ஒதுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். உயிர்காப்புச் சட்டையை எல்லா உடைக்கும் மேலாக அணிய வேண்டும். அபாய மணி ஒலித்தால் தொழுதுகொண்டிருந்தாலும் முறித்துவிட்டுப் புறப்பட வேண்டும். உயிரைக் காப்பது கடமை.

உல்லாசக் கப்பலில் செல்வோர் பயணச்சீட்டு வாங்குமுன்பே உணவு எப்படி, மதுவும் சூதும் நடக்கும் இடங்களை விட்டு விலகியிருக்க வழியுண்டா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. ஏறியபின் வருந்திப் பயனில்லை.

முடிவாக

கப்பலில் ஏறும்போது, நூஹ் (அலை) அவர்கள் கூறியதாக ஹூத் அத்தியாயத்தின் 41-ஆம் வசனத்தில் வரும் துஆவை ஓதிக்கொள்வோமாக! பெட்டியில் துணியை அடுக்குமுன் வீட்டாரின் மனத்தில் இந்தச் சட்டங்களை அடுக்குவோமாக! நம்மோடு வரும் எந்த உம்மாவும் நடுக்கடலில் தொழுகையை எண்ணிக் கலங்கி அழும் நிலை இனி வராதிருக்கட்டும். பயணிகள் அனைவரையும் அல்லாஹ் சுகமாகக் கரை சேர்ப்பானாக! ஆமீன்.