பகிர்வதற்கு முன் ஒரு சொல்

அன்புத் தங்கைக்கு,

நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு நீ தயாரித்த பயிற்றியைப் பார்த்தேன். உழைப்பு தெரிகிறது. உன் கிள்ளான் பள்ளியோடு நிற்காமல், எல்லாத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தட்டும் என்று திறந்த உரிமத்தில் வெளியிடப்போகிறாயாம். நல்ல மனசு. அதற்கு முன் சிலவற்றைச் சரிசெய்துவிடு.

நீ சேர்த்திருக்கும் பாரதி பாட்டின் வரிகளுக்குத் தடையே இல்லை. அவர் மறைந்தது 1921-இல். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் மறைந்து 50 ஆண்டுகள் வரைதான் உரிமை. தமிழகத்திலோ 1949-இல் அரசே அவர் படைப்புகளின் உரிமையைப் பெற்று, பிறகு மக்களுக்குப் பொதுவாக்கிவிட்டது. ஆனால் நீ இணைத்திருப்பது திரைப்படத்தில் வந்த ஒலிப்பதிவு. பாட்டு வரிகள் பொதுச்சொத்து. மெட்டுக்கும் பதிவுக்கும் தனித்தனி உரிமை உண்டு. சொந்த மெட்டில் உன் மாணவர்களையே பாடவைத்து, பெற்றோரின் ஒப்புதலோடு பதிவுசெய்.

"பாடம் நடத்தத்தானே அண்ணா?" என்று கேட்பாய். கற்பித்தலுக்கு விளக்கமாகப் பிறர் படைப்பைச் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. அளவு நியாயமாக இருக்கவேண்டும்; மூலமும் படைத்தவர் பெயரும் சொல்லவேண்டும். ஆனால் திறந்த உரிமம் என்பது, முகம் தெரியாத எவரும் மாற்றலாம், சில உரிமங்களில் அச்சிட்டு விற்கவும் செய்யலாம் என்று நீ எழுதிக்கொடுப்பது. உன்னிடம் இல்லாத உரிமையை எப்படி எழுதிக்கொடுப்பாய்?

படங்களுக்குக் கீழே "நன்றி: கூகுள்" என்று போட்டிருக்கிறாய். கூகுள் தேடித்தரும்; படம் அதற்குச் சொந்தமில்லை. விக்கிமீடியா பொதுவகத்தில் தேடு. ஒவ்வொரு படத்தோடும் அதன் உரிமம் இருக்கும். சிலவற்றுக்குப் பெயர் சொன்னால் போதும். சிலவற்றை மாற்றினால், மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் பகிரவேண்டும். வேறு தளங்களில் 'வணிகத்துக்கு ஆகாது', 'மாற்றக்கூடாது' என்ற நிபந்தனைகளும் வரும். மாற்றக்கூடாத படத்தை வெட்டி ஒட்டிப் பகிராதே. உங்கள் ஊர்த் தெங்கு கிளானா சாலைக் கடைத்தெருவைக் காட்ட இணையம் எதற்கு? கைப்பேசியில் நீயே படமெடு. யூடியூப் காணொலியைப் பதிவிறக்கிச் சேர்க்காமல் இணைப்பை மட்டும் கொடு.

கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் போடு: படத்தின் தலைப்பு, எடுத்தவர், கிடைத்த இடம், உரிமம். இப்போதே எழுதிக்கொண்டே வந்தால் சுமையாக இருக்காது.

உன்னை நம்பித்தான் இன்னொரு பள்ளி ஆசிரியர் இதை எடுத்து, தன் பெயரையும் சேர்த்து, புலனத்தில் பத்துப் பேருக்கு அனுப்புவார். நாளை உரிமைக்காரர் கேட்டு வந்தால் அவரும் பதில் சொல்லவேண்டி வரும். அந்தச் சிக்கலை அவருக்கு வைக்காதே. ஒரு வாரம் தாமதமானாலும் பரவாயில்லை, சுத்தமாக வெளியிடு.

அன்புடன்,
அண்ணன்