பெரிலியம் ஒட்சைட்டு: வெப்பத்தைக் கடத்தும், மின்னைக் கடத்தாது

"வெப்பத்தை நன்கு கடத்தும் பொருள் மின்னையும் நன்கு கடத்தும்" என மாணவர் பலர் எழுதிவிடுகின்றனர். இது உலோகங்களுக்குப் பொருந்தும். எல்லாப் பொருள்களுக்கும் பொருந்தாது. பெரிலியம் ஒட்சைட்டு என்னும் செரமிக் பொருளைக் கவனியுங்கள்.

இயல்புகள்
• உருகுநிலை 2500 °C இலும் அதிகம்.
• சிறந்த மின்காவலி.
• அறை வெப்பநிலையில் இரும்பைப் போல ஏறத்தாழ 3 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும்.

காரணம் என்ன?
உலோகங்களில் சுயாதீன இலத்திரன்கள் மின்னையும் வெப்பத்தையும் கொண்டு செல்கின்றன. பெரிலியம் ஒட்சைட்டில் அவை இல்லை. ஆகவே மின் கடத்தப்படுவதில்லை. ஆனால் இலேசான பெரிலியம், ஒட்சிசன் அணுக்கள் வலிமையான பிணைப்புகளால் இணைந்துள்ளன. ஓர் அணுவின் அதிர்வு அடுத்தடுத்த அணுக்களுக்கு விரைவாகச் செல்கிறது. இவ்வாறே வெப்பம் கடத்தப்படுகிறது.

பயன்கள்
1. வலுக்கூடிய திரான்சிற்றர்களின் வெப்பத்தை அகற்றும் காவலித் தட்டு.
2. 1954 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் இயக்கப்பட்ட, விமானங்களுக்கான பரிசோதனை அணு உலையில் நியூத்திரன்களின் வேகத்தைக் குறைக்க உதவியது.
3. யுரேனியம் ஈரொட்சைட்டு எரிபொருள் வெப்பத்தை நன்கு கடத்தாது. அதனுடன் இதைச் சேர்த்து வெப்பத்தை விரைவாக வெளியேற்றும் முறை ஆராயப்படுகிறது.

எச்சரிக்கை
இதன் தூசைச் சுவாசித்தால் குணப்படுத்த முடியாத நுரையீரல் நோய் ஏற்படலாம். பழைய இலத்திரனியல் கருவிகளிலுள்ள வெண்ணிறச் செரமிக் பகுதிகளை உடைக்கவோ அராவவோ வேண்டாம்.

பயிற்சி
பெரிலியம் ஒட்சைட்டு மின்காவலியாக இருந்தும் வெப்பத்தை நன்கு கடத்துவது ஏன்? விடையில் "சுயாதீன இலத்திரன்", "அதிர்வு" ஆகிய இரண்டும் இடம்பெற வேண்டும்.