ஓடுபாதை வேண்டாத விமானம்

நம்ம அரக்கோணத்தில் பிளேன் சத்தம் கேட்டு யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. 1992-ல் ராஜாளி கடற்படை விமான தளம் வந்ததிலிருந்து காது பழகிவிட்டது. அங்குள்ள ஓடுபாதை 4 கிலோமீட்டருக்கும் மேல். பெரிய விமானம் என்றால் ஓடி வேகம் பிடித்த பிறகுதான் எழும்பும். ஆனால் ஓடுபாதையே இல்லாமல் எழும்பிய ஒரு பிராணி இருந்தது. இறக்கை விரித்தால் சுமார் 10 மீட்டர். எடை 200 கிலோவுக்கு மேல் இருக்கலாம் என்கிறார்கள்!

பெயர் கெட்சால்கோட்லஸ். 1971-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் டக்ளஸ் லாசன் என்பவர் இதன் எலும்பைக் கண்டெடுத்தார். (அப்போது அவரும் நம்மைப் போல ஒரு மாணவர்தான்!) இது டெரோசார் என்னும் பறக்கும் ஊர்வன இனம். பலர் நினைப்பதுபோல டைனோசர் அல்ல. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்த இனமே அழிந்துபோனது.

நம் நாட்டிலும் டெரோசார் உண்டா? கோதாவரிப் பள்ளத்தாக்கின் கோட்டா பாறை அடுக்கில் கிடைத்த பல்லோடு கூடிய தாடைத் துண்டை வைத்து, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஜெயின் 1974-ல் ஓர் இனத்துக்கு 'இண்டிகஸ்' என்று பெயரிட்டார். அந்தத் துண்டு போதாது என்று பின்னால் வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

சரி, இறக்கை எது? நம் மோதிர விரல்தான்! அந்த ஒரு விரல் மட்டும் பல மடங்கு நீண்டு, அதிலிருந்து உடல் வரை தோல் சவ்வு. எலும்போ உள்ளே வெறும் குழாய். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது புரியும். ஒரு ஷாஃப்டின் நடுவில் வெளி விட்டத்தில் 0.6 பங்கு துளை போட்டால் எடை 36 சதவீதம் குறையும். முறுக்கு வலிமை குறைவதோ 13 சதவீதம்தான். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அதே ஃபார்முலா! சுவர் ரொம்ப மெல்லிசானால் குழாய் நசுங்குமே என்பீர்கள். மொராக்கோவில் கிடைத்த ஒரு கழுத்தெலும்பை ஸ்கேன் செய்து 2021-ல் பார்த்தார்கள். உள்ளே சைக்கிள் சக்கரத்து ஸ்போக்ஸ் மாதிரி எலும்புக் கம்பிகள்!

எழும்பும் விஷயத்துக்கு வருவோம். மலை உச்சியிலிருந்து குதித்துத்தான் பறந்திருக்கும் என்று முன்பு சொன்னார்கள். 2008-ல் மைக்கேல் ஹபீப் வேறு கணக்குப் போட்டார். இறக்கையை மடக்கினால் அதுவே முன்னங்கால். (நான்கு காலில் நடந்த தடங்கள் பாறைகளில் கிடைத்திருக்கின்றன.) பின்னங்கால் உந்த, பலமான முன்னங்கால் தரையை ஓங்கி உதைக்க, நின்ற இடத்திலிருந்தே ஒரே தாவல்! தரையில் நாரை போல நடந்து சின்னப் பிராணிகளைக் கொத்தித் தின்றிருக்கும் என்றும் அதே ஆண்டில் வேறு இருவர் எழுதினார்கள்.

மனிதனும் செய்து பார்த்தான். பால் மெக்ரெடி என்ற இன்ஜினியர் இதன் பாதி அளவு மாடலை 1986-ல் பறக்கவிட்டார். வால் இல்லாததால் அது ஆடிக்கொண்டே இருக்கும். உள்ளே இருந்த கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி திருத்த வேண்டும். பாலைவனத்தில் நன்றாகப் பறந்தது, ஜனங்கள் முன்னால் விழுந்து நொறுங்கியது! டெரோசாரின் மண்டை ஓட்டை ஸ்கேன் செய்தபோது, உடலின் நிலையையும் பார்வையையும் இணைக்கும் மூளைப் பகுதி பறவைகளுக்கு இருப்பதைவிடப் பெரிதாக இருந்தது தெரியவந்தது.