சாம்பல் இழுக்கும் கல்

சொற்கள் சில கடல் கடந்து செல்கையில் பொருளையும் உடன் கொண்டு செல்கின்றன. 'டூர்மலின்' என்பது அத்தகையது. இலங்கையில் வண்ணக் கற்களைக் குறித்து வழங்கிய 'தோரமல்லி' என்னும் சிங்களச் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் இவ்வாறு திரிந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கற்களைத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்ற டச்சுக்காரர், சூடேறிய கல் சாம்பலை ஈர்க்கக் கண்டு 'சாம்பல் இழுப்பான்' எனப் பெயரிட்டனர். 1756இல் ஏப்பினஸ் என்னும் அறிஞர், சூடேறிய கல்லின் இருமுனைகளிலும் எதிரெதிர் மின்னேற்றம் தோன்றுவதைப் பெர்லினில் நிறுவினார்.

இதனைக் கண்ணாற் காணும் வழியை 1883இல் குண்ட் என்பார் காட்டினார். நீண்ட டூர்மலின் படிகத்தை அடுப்பில் சீராகச் சூடாக்கி வெளியே எடுத்து, அதன்மீதுள்ள மின்னேற்றம் நீங்குமாறு சுடரினூடே ஒருமுறை செலுத்துக. அது ஆறுகையில் கந்தகப் பொடியும் ஈயச் செந்தூரமும் கலந்த கலவையை மஸ்லின் துணிவழியே தூவுக. துகள்கள் ஒன்றோடொன்று உராய்வதால் கந்தகம் எதிர்மின்னும், செந்தூரம் நேர்மின்னும் பெறும். ஆகவே படிகத்தின் நேர்முனை மஞ்சளாகவும், எதிர்முனை சிவப்பாகவும் நிறங்கொள்ளும். செந்தூரம் நச்சுடையது; ஆசிரியர் மேற்பார்வையின்றி மாணவர் இதனைச் செய்தலாகாது.

காரணம் யாது? இப்படிகத்தின் உள்ளமைப்பில் ஓர் அச்சின் இருமுனைகளும் ஒத்தவை அல்ல. ஆதலின் இயல்பாகவே மின்முனைவு உண்டு. காற்றிலுள்ள மின்துகள்கள் மேற்பரப்பிற் படிந்து அதனை மறைத்துவிடுகின்றன. வெப்பநிலை மாறுங்கால் முனைவின் அளவு மாறுகிறது. ஈடுசெய்யப்படாத மின்னேற்றம் வெளிப்படுகிறது. வெப்பம் ஏறும்போது நேர்முனையாய் இருந்தது, குறையும்போது எதிர்முனையாகும். வெப்பநிலை மாறாது நின்றால், கல் எத்துணைச் சூடாயினும் புதிய மின்னேற்றம் தோன்றாது.

ஈண்டுத் தமிழாசிரியராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. இருவேறு உலோகங்களின் இணைப்புகளிடையே வெப்பநிலை வேறுபட்டால் மின்னோட்டம் பிறப்பதை 1821இல் சீபெக் கண்டார். அது வேறு; இது வேறு. இரண்டையும் 'வெப்பமின்சாரம்' என ஒரே சொல்லால் வழங்கின், தமிழில் பயிலும் மாணவர் இரண்டையும் ஒன்றெனவே கொள்வர். ஆகவே இதனை 'வெப்பமாற்ற மின்னேற்றம்' என்று வழங்கலாம் என்பது நம் கருத்து. மாற்றமே காரணம் என்பதனைச் சொல்லே உணர்த்திவிடும்.

ஆள் நடமாட்டத்தை உடல் வெப்பத்தால் உணரும் இன்றைய எச்சரிக்கைக் கருவிகள் இவ்விளைவினாலேயே இயங்குகின்றன. அன்று சாம்பலை இழுத்த கல்லின் இயல்பு, இன்று வீட்டைக் காக்கிறது. பொருளை ஆராய்வோர் அறிவியலார். அதற்குப் பிழையற்ற பெயர் அமைத்துத் தருவது நம் பணியாகும்.