பொத்தானை அழுத்தியும் அசையாத மோட்டார் சைக்கிள்: பழுதைத் தேடும் முறை

வாழும் இடம் ஒன்று, வயல் வேறொன்று. இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுக்கு இந்த நிலை புதிதல்ல. ஏழு கட்டை, பத்துக் கட்டை தாண்டிப் போய்த்தான் எம்மவர் பலர் தமது பயிரைப் பார்க்கிறார்கள். அந்தத் தூரத்துக்குத் துணையாக நிற்பது பெரும்பாலும் ஒரு பழைய மோட்டார் சைக்கிள். ஜப்பானில் ஓடி முடித்து இங்கு வந்து சேர்ந்த, சேற்றுக்கும் மணலுக்கும் ஏற்ற, உயர்ந்த உடலும் பெரிய பல் ரயரும் கொண்ட 200, 250 சீசீ சைக்கிள்களையே சொல்கிறோம். உரப்பையும் மருந்தடிக்கும் இயந்திரமும் அதில்தான் போகின்றன. மரக்கறி மூட்டையும் காய்ச்சல்காரப் பிள்ளையும் அதில்தான் வருகிறார்கள்.

இவற்றில் பல இருபது, முப்பது வயதைத் தாண்டியவை. எஞ்சின் நல்லாக இருக்கும். 'செல்ப்' மட்டும் வேலை செய்யாது. சிலவற்றில் உதைத்து ஸ்ராட் பண்ணும் கிக்கரும் கிடையாது. அப்படியானால் பொத்தான் பழுதானால் பயணமே நின்றுவிடும்.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்வோம். களை எடுக்க வேண்டிய கிழமையில் செல்ப் நின்றுவிட்டது. "பற்றரி போய்விட்டது" என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். மனைவியின் தோட்டை அடகு வைத்துப் புதுப் பற்றரி வாங்கினார்கள். பழையதைக் கடையிலேயே கொடுத்துவிட்டார்கள். புதுப் பற்றரி பூட்டியும் செல்ப் வேலை செய்யவில்லை. இரண்டு நாள் கழித்து நாம் போய்ப் பார்த்தபோது, பற்றரியின் எர்த் வயர் எஞ்சினில் பூட்டப்பட்ட இடத்தில் சேறும் பச்சைத் தூளும் படிந்திருந்தன. கழற்றிச் சுரண்டிப் பூட்டப் பதினைந்து நிமிடம் பிடித்தது. செலவு எதுவும் இல்லை. ஆனால் தோடு அடகில்தான் இருந்தது.

ஆகவே இந்தப் பாடத்தின் முதல் விதி இதுதான்: தேடிப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

1. செல்ப் எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்காவில் சார்ள்ஸ் கெற்றறிங் என்பவர் 1911ஆம் ஆண்டில் காருக்கான மின்சார ஸ்ராட்டரைச் செய்து முடித்தார். 1912ஆம் ஆண்டின் கடிலாக் கார்களில் அது பூட்டப்பட்டது. சிறிய மோட்டர் ஒன்றைச் சில கணங்களுக்கு மட்டும் அதன் தாங்கு சக்திக்கு மேலாக வேலை வாங்கலாம் என்பதே அவர் கண்டுகொண்ட உண்மை. இன்றும் அப்படித்தான். எனவே பொத்தானை ஒரு தடவையில் ஐந்து செக்கனுக்கு மேல் அழுத்தக் கூடாது. பத்துப் பதினைந்து செக்கன் ஆறவிட்டுத்தான் மறுபடி அழுத்த வேண்டும். தொடர்ந்து அழுத்தினால் மோட்டர் எரியும், பற்றரியும் இறங்கிவிடும்.

மின்சாரம் போகும் பாதைகள் இரண்டு.

பெரிய பாதை: பற்றரியிலிருந்து தடித்த வயர் றிலேக்குப் போகிறது. அங்கிருந்து ஸ்ராட்டர் மோட்டருக்கு. மோட்டரின் உடல் வழியாக எஞ்சினுக்கும், அங்கிருந்து எர்த் வயர் வழியாகத் திரும்பப் பற்றரிக்கும் வருகிறது.

சிறிய பாதை: பியூஸ், சாவி, கைபிடியில் உள்ள நிறுத்தும் சுவிச், ஸ்ராட் பொத்தான் ஆகியவற்றின் வழியாக மெல்லிய வயரில் றிலேக்குப் போகிறது. கிளச், நியூற்றல், பக்க ஸ்ராண்ட் ஆகியவற்றின் பாதுகாப்புச் சுவிச்சுகளும் பல சைக்கிள்களில் இந்தப் பாதையில் உண்டு. இதன் வேலை றிலேயை மூடுவது மட்டுமே. றிலே மூடும்போதுதான் 'டக்' என்ற சத்தம் கேட்கிறது.

றிலே என்பது வாய்க்கால் மதகு. பொத்தான் அந்த மதகைத் திறக்கும் கை. கை அசைந்தும் மதகு திறக்காமல் இருக்கலாம். மதகு திறந்தும் வாய்க்கால் அடைபட்டிருக்கலாம். எது பிழை என்று பிரித்தறிவதே எமது வேலை.

2. காதாலும் கண்ணாலும் பார்த்தல்

நியூற்றலில் போட்டு, கிளச்சைப் பிடித்து, ஸ்ராண்டை மடித்து, முன் லைற்றை எரியவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். லைற்றைப் பாருங்கள், சத்தத்தைக் கேளுங்கள்.

(அ) லைற்றும் இல்லை, ஹோர்னும் இல்லை: பியூஸ் எரிந்திருக்கலாம், பற்றரி முனை கழன்றிருக்கலாம், அல்லது பற்றரி முற்றாக இறங்கியிருக்கலாம்.

(ஆ) லைற் பிரகாசமாக எரிகிறது. 'டக்' சத்தமே இல்லை: சிறிய பாதையில் பழுது. நிறுத்தும் சுவிச் தவறுதலாகத் திரும்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இது வெட்கப்பட வேண்டியதல்ல, எல்லோருக்கும் நேர்வது. பிறகு கிளச் பிடியின் கீழுள்ள சுவிச், ஸ்ராண்ட் சுவிச், பொத்தான் என்று பாருங்கள். சேற்றில் ஓடும் சைக்கிளில் ஸ்ராண்ட் சுவிச்சில் மண் அடைவது சகஜம்.

(இ) 'டக் டக் டக்' என்று விடாமல் அடிக்கிறது. லைற் மங்குகிறது: பற்றரி இறங்கியுள்ளது, அல்லது பற்றரி முனைகளில் பிடிப்பில்லை.

(ஈ) ஒரே ஒரு 'டக்'. லைற் மங்கவே இல்லை: பெரிய பாதையில் எங்கோ அறுந்துள்ளது. றிலேயின் உள் முனைகள் எரிந்திருக்கலாம், எர்த் வயர் விட்டிருக்கலாம், அல்லது மோட்டரின் காபன் தேய்ந்திருக்கலாம்.

(உ) மோட்டர் மெதுவாக இழுத்து இழுத்துச் சுற்றுகிறது: பற்றரி, முனைகள், எர்த் வயர், காபன் என்ற ஒழுங்கில் பாருங்கள்.

(ஊ) மோட்டர் 'விர்' என்று சுற்றுகிறது. எஞ்சின் சுற்றவில்லை: மோட்டரை எஞ்சினோடு பிடித்துவிடும் ஒருவழிக் கிளச் தேய்ந்துள்ளது. இதற்கு எஞ்சின் மூடியைக் கழற்ற வேண்டும். பழகியவரிடம் கொடுங்கள்.

(எ) எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது. பற்றவில்லை: இது செல்ப்பின் பிழை அல்ல. பெற்றோலையும் பிளக்கையும் பாருங்கள்.

(ஏ) கையை எடுத்த பின்னும் மோட்டர் சுற்றிக்கொண்டே இருக்கிறது: றிலேயின் முனைகள் உருகி ஒட்டிவிட்டன. சாவியை நிறுத்தினாலும் நிற்காது. உடனே பற்றரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள். றிலேயை மாற்றாமல் ஓடாதீர்கள்.

3. ஒரு சோதனை விளக்கு செய்வோம்

பழைய சிக்னல் லைற்றில் உள்ள 12 வோல்ற் பல்ப் ஒன்று, இரண்டு முழ வயர் இரண்டு. ஒரு வயரைப் பல்பின் உடலிலும் மற்றதை அடி முனையிலும் பற்றவையுங்கள். இதுவே எமது கருவி.

ஒரு வயரைப் பற்றரியின் எர்த் முனையில் கட்டுங்கள். மற்ற வயரால் ஒவ்வோர் இடமாகத் தொட்டு வாருங்கள்.

பற்றரியின் நேர் முனை: எரிய வேண்டும்.

பியூஸின் இரு பக்கமும்: இரண்டிலும் எரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் பியூஸ் போய்விட்டது. பியூசுக்குப் பதிலாகக் கம்பியோ சிகரெட் கடதாசியோ வைக்காதீர்கள். வயர் எல்லாம் எரியும்.

றிலேயின் பெரிய முனை, பற்றரிப் பக்கம்: எப்போதும் எரிய வேண்டும்.

றிலேயின் பெரிய முனை, மோட்டர் பக்கம்: பொத்தானை அழுத்தும்போது மட்டும் எரிய வேண்டும். 'டக்' கேட்டும் எரியாவிட்டால் றிலே பழுது. நன்றாக எரிந்தும் மோட்டர் சுற்றாவிட்டால் மோட்டர், அதன் வயர், எர்த் ஆகியவற்றைப் பாருங்கள்.

'டக்' சத்தமே இல்லாவிட்டால், பொத்தானை அழுத்தியபடி றிலேயின் சிறிய வயர்களைத் தொடுங்கள். ஒன்றிலும் எரியாவிட்டால் சாவி, நிறுத்தும் சுவிச், பொத்தான் வழியாக மின்சாரம் வரவில்லை என்று பொருள். எரிந்தும் சத்தமில்லை என்றால் திரும்பும் பாதையில் உள்ள பாதுகாப்புச் சுவிச்சுகளையும், கடைசியாக றிலேயையும் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 35 வாற் முன் லைற்றுக்குச் சுமார் 3 அம்பியர் போதும். ஸ்ராட்டர் மோட்டரோ பல பத்து அம்பியர் கேட்கும். குடிக்கத் தண்ணீர் வரும் சிறு குழாயால் வயலுக்குப் பாய்ச்ச முடியுமா? அதுபோலப் பச்சைத் தூள் படிந்த முனை வழியாக லைற் எரியும், ஹோர்ன் அடிக்கும்; மோட்டர் சுற்றாது. நாம் சொன்ன குடும்பம் ஏமாந்தது இந்த இடத்தில்தான். சந்தேகம் இருந்தால், தடித்த வயர் ஒன்றைப் பற்றரியின் எர்த் முனையிலிருந்து எஞ்சினின் சுத்தமான இரும்புப் பகுதிக்கு இறுக்கிப் பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். இப்போது சுற்றினால் பழுது எர்த் வயரில்.

4. பற்றரியைப் பரிசோதித்தல்

சிறிய மீற்றர் ஒன்றைச் சங்கத்துக்கு வாங்கி வைப்பது நல்லது. ஓடாமல் சில மணி நேரம் நின்ற பற்றரி 12.6 வோல்ற் அளவு காட்டினால் நிறைந்துள்ளது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே என்றால் சார்ஜ் செய்ய வேண்டும். பொத்தானை அழுத்தும்போது 9.5க்குக் கீழே விழுந்தால் பற்றரி பலவீனமானது. எஞ்சின் ஓடும்போது வேகத்தைக் கூட்டினால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் சார்ஜ் செய்யும் பகுதியில் பழுது. அதைத் திருத்தாமல் புதுப் பற்றரி பூட்டினால் அதுவும் சில நாளில் இறங்கும்.

சார்ஜ் செய்யும் அளவு, பற்றரியில் எழுதியுள்ள அம்பியர்-மணியில் பத்தில் ஒன்று. 7 என்றால் 0.7 அம்பியர். லொறியின் 24 வோல்ற்றில் ஒருபோதும் தொடுக்காதீர்கள்.

தண்ணீர் ஊற்றும் வகைப் பற்றரியானால் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையில் மட்டம் நிற்க வேண்டும். வடித்த நீர் மட்டும் ஊற்றுங்கள். எமது கிணற்று நீரில் உள்ள சுண்ணாம்பும் உப்பும் பற்றரியைக் கெடுக்கும். அசிற் மேலும் ஊற்ற வேண்டாம். சார்ஜ் ஆகும் பற்றரியிலிருந்து தீப்பற்றும் வாயு வரும். பீடி, குப்பி விளக்கு அருகில் வேண்டாம். அசிற் கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் நீண்ட நேரம் கழுவி வைத்தியரிடம் போங்கள். பிள்ளைகளைத் தூர வையுங்கள்.

5. நாமே செய்யக்கூடிய திருத்தங்கள்

கழற்றும்போது எர்த் முனை முதலில். பூட்டும்போது எர்த் முனை கடைசியில். முனைகளில் வெள்ளை, பச்சைத் தூள் இருந்தால் சுடுநீரில் அப்பச்சோடாவைக் கரைத்துப் பழைய பல் தூரிகையால் கழுவுங்கள். கரைசல் பற்றரிக்குள் போகக் கூடாது. காய்ந்தபின் சான்ட் பேப்பரால் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே வசிலின் பூசுங்கள். எர்த் வயரின் எஞ்சின் முனையையும் அப்படியே செய்யுங்கள். அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

மோட்டரைக் கழற்றினால் காபனைப் புதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதியளவு தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். காபன் உரசும் செப்பு வளையம் கறுத்திருந்தால் மெல்லிய சான்ட் பேப்பரால் துடைத்து, செப்புக் கீற்றுகளுக்கு இடையிலுள்ள தூளை ஊசியால் எடுத்துவிடுங்கள். பல வேளைகளில் முழு மோட்டரை மாற்ற வேண்டியதில்லை.

ஸ்குறூ டிறைவரால் றிலேயின் இரு பெரிய முனைகளையும் தொட்டு ஸ்ராட் பண்ணுவதைச் சிலர் வழக்கமாக்கியிருக்கிறார்கள். பெரிய தீப்பொறி பறக்கும். மேலே பெற்றோல் தாங்கி உண்டு. கியரில் இருந்தால் சைக்கிள் பாயும். இதைப் பழக்கமாக்க வேண்டாம்.

வழியில் நின்றுவிட்டால் அணைக்கட்டுச் சரிவில் இரண்டாம் கியரில் போட்டு, கிளச்சைப் பிடித்துத் தள்ளி, வேகம் வந்ததும் கிளச்சை விடுங்கள். பற்றரி முற்றாக இறங்கியிருந்தால் சில சைக்கிள்கள் இதற்கும் மசியா.

6. மாரிக்கு முன்

ஐப்பசி பிறக்குமுன் முனைகளைச் சுத்தம் செய்து வசிலின் பூசுங்கள். நீரில் இறங்கிய நாளில் ஸ்ராண்ட் சுவிச்சையும் கைபிடிச் சுவிச்சையும் துடைத்துக் காயவிடுங்கள். ஓடாமல் நிறுத்தி வைக்கும் சைக்கிளின் பற்றரியை மாதம் ஒருமுறை சார்ஜ் செய்யுங்கள்.

சேர்ந்து கலந்துரையாட:

1. எமது கிராமத்தில் செல்ப் வேலை செய்யாத சைக்கிள்கள் எத்தனை? அவை மேலே சொன்ன எந்த வகையில் அடங்கும்?

2. தேவையில்லாமல் பற்றரி வாங்கியவர்கள் உண்டா? என்ன செலவானது?

3. ஒரு சோதனை விளக்கும் ஒரு மீற்றரும் சங்கத்தில் யார் பொறுப்பில் இருக்கலாம்?

4. இந்த வேலையைப் பழகிக்கொள்ள விரும்பும் இளைஞரும் யுவதியரும் யார்?

கூட்டம் முடியுமுன் ஒரு சைக்கிளையாவது எல்லோர் முன்னிலையிலும் சோதித்துப் பாருங்கள். கேட்டதை விடக் கையால் செய்ததே நினைவில் நிற்கும். அடுத்த தடவை "பற்றரி போய்விட்டது" என்று யாராவது சொன்னால், "விளக்கைக் கொண்டு வா, பார்ப்போம்" என்று சொல்ல ஒருவராவது எமது கிராமத்தில் இருக்கட்டும்.