பாதி எழுத்தில் நின்ற எழுதுகோல்

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் காசியன் என்னும் துறவி, எகிப்தியப் பாலைவனத்துத் துறவியரின் வாழ்க்கை முறையை மேலைநாட்டினருக்கு எடுத்துரைக்கும் நூலொன்றை இயற்றினார். அதில் ஒரு சிறு செய்தி வருகிறது. தம் குடிலில் அமர்ந்து ஏட்டைப் பிரதியெடுக்கும் துறவி, பிரார்த்தனைக்கோ வேறு பணிக்கோ அழைக்கும் ஓசை கதவில் கேட்டதும், எழுதத் தொடங்கிய எழுத்தைக்கூட முடிக்காமல் எழுந்துவிடுவார். தமிழில் சொல்வதானால், மெய்யெழுத்தை எழுதியவர் புள்ளி வைக்கக் காத்திருக்க மாட்டார்.

கிறிஸ்தவ வாழ்வில் காலத்தை உண்மையுடன் பயன்படுத்துவது என்றால் என்ன என்று ஆராய்பவர் இந்தச் செய்தியிலிருந்து தொடங்குவது நல்லது. காலத்தைச் சிக்கனமாகச் செலவிடுவதைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் சோம்பலைப் பற்றியே பேசுவர். எகிப்தியத் துறவி சோம்பியிருக்கவில்லை. நல்ல பணியில், அதுவும் பெரும்பாலும் மறைநூலைப் பிரதியெடுக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். அவருடைய சோதனை பணியைத் தொடங்குவதில் இல்லை. அதைக் கீழே வைப்பதில் இருந்தது.

சுமார் நூறாண்டுகளுக்குப் பின் இத்தாலியில் வாழ்ந்த புனித பெனடிக்ட் இந்த வழக்கத்தைத் தம் துறவியருக்கு விதியாக்கினார். தமிழகக் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று அழைக்கும் மகான் இவரே. அவர் இயற்றிய ஒழுங்குநூலில் 73 அதிகாரங்கள் உள்ளன. இரவு விழிப்பு ஒன்று, பகலில் ஏழு என இறைபுகழ்ச்சிக்கான வேளைகளை அது வகுக்கிறது. அழைப்பொலி கேட்டதும் கையில் எது இருந்தாலும் அதை விட்டுவிட்டு விரைந்து வரவேண்டும். ஆனால் அந்த விரைவிலும் அடக்கம் குலையலாகாது என்கிறது 43-ஆம் அதிகாரம்.

48-ஆம் அதிகாரம் நாளைப் பகுத்துத் தருகிறது. கோடைகாலத்தில் காலை முதல் நான்காம் மணி வரை உடலுழைப்பு, அங்கிருந்து ஆறாம் மணி வரை மறைநூல் வாசிப்பு, உணவுக்குப்பின் ஓய்வு, பின்னர் மாலை வரை மீண்டும் வேலை. ஓய்வு வேளையில் படிக்க விரும்புபவர் படிக்கலாம். பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தொந்தரவு இல்லாமல் படிக்க வேண்டும் என்று சொல்லும் அளவுக்கு அந்த நூல் மனிதரை அறிந்திருக்கிறது. வாசிப்பு வேளையில் யாரேனும் வீண்பேச்சில் ஈடுபட்டுள்ளனரா என்று பார்த்துவர முதியவர் ஓரிருவர் சுற்றிவரவும் ஏற்பாடு உண்டு!

அக்காலத்து மணி இன்றைய கடிகார மணி அன்று என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். ரோமானியர் சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரையுள்ள பொழுதை 12 பங்காக்கினர். பெனடிக்ட் வாழ்ந்த மான்டே காசினோ பகுதியில் குளிர்காலப் பகல் சுமார் 9 மணி நேரம், கோடைப்பகல் சுமார் 15 மணி நேரம். ஆகவே அங்கே ஒரு 'மணி' பருவத்துக்கேற்ப நீண்டும் சுருங்கியும் வந்தது. பெங்களூருவில் இரு பருவங்களுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே. எனினும் கருத்து ஒன்றுதான்: அந்த மடத்தில் காலத்தை மனிதன் அளந்து எடுத்துக்கொள்ளவில்லை, ஒளி வருவதைப்போல அதைப் பெற்றுக்கொண்டான்.

பெங்களூருவிலிருந்து மைசூர் செல்லும் சாலையில் கெங்கேரியைக் கடந்தால் ஆசீர்வனம் என்னும் பெனடிக்டைன் மடம் உள்ளது. இதன் வேர் தமிழ்நாட்டில் இருக்கிறது. 1947-இல் சேலம் பகுதியில் சிலுவைகிரி என்ற பெயரில் தொடங்கப்பெற்ற துறவகமே 1957-இல் இங்கு இடம்பெயர்ந்தது. அன்று ஊருக்கு வெகு தொலைவில் ஒதுங்கியிருந்த பகுதி. 2021-இல் மெட்ரோ ரயிலே கெங்கேரியை எட்டிவிட்டது. ஆறாம் நூற்றாண்டு ஒழுங்குநூலின்படி வேளைகளைக் கடைப்பிடிக்கும் மடமும், அமெரிக்காவின் பகலுக்காக இரவில் விழித்திருப்போர் பலர் வாழும் மாநகரும் இன்று அண்டை வீட்டாராக உள்ளன.

அந்த மாநகரில் நேர மேலாண்மை வகுப்புகளுக்குக் குறைவில்லை. குறைந்த நேரத்தில் அதிக வேலையை முடிப்பது எப்படி என்று அவை கற்பிக்கின்றன. அது தேவையான கலையே; பழிக்க வேண்டியதில்லை. ஆனால் முடித்த வேலைக்குப்பின் மிஞ்சும் நேரத்தை மனம் மீண்டும் வேலைக்கே தருமானால், அந்தக் கலையால் மனிதனுக்கு என்ன மிஞ்சியது?

எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் 5-ஆம் அதிகாரத்தில் புனித பவுல் காலத்தைப் பற்றி அறிவுறுத்தும் இடம் பலரும் அறிந்தது. அங்கே அவர் ஆளும் கிரேக்க வினைச்சொல், சந்தை என்ற சொல்லிலிருந்து பிறந்தது. விலை கொடுத்து மீட்பது என்பது அதன் பொருள். காலம் என்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட சொல்லும் கூர்ந்து நோக்கத்தக்கது. ஓடிக்கொண்டே இருக்கும் காலத்தைக் கிரேக்கர் க்ரோனோஸ் என்பர். உரிய தருணத்தைக் கைரோஸ் என்பர். பவுல் எழுதியது கைரோஸ். தமிழில் 'வேளை' என்ற சொல் இதற்கு மிக நெருங்கியது. நேரம் போகிறது என்கிறோம். வேளை வருகிறது, வேளை தவறிவிட்டது என்கிறோம். நேரத்தைச் சேமிக்க முயல்பவன் உண்டு. வேளையைச் சேமித்துவைக்க யாராலும் இயலாது. வந்தபோது எழுந்து எதிர்கொள்ளலாம், அவ்வளவே. அதற்கு விலை என்ன? அந்நேரத்தில் கையில் இருக்கும் வேலைதான்.

இங்கே நியாயமான ஓர் ஐயம் எழும். மடத்தில் மணி அடிக்கிறது. இல்லறத்தாருக்கு எந்த மணி? பணியைப் பாதியில் விடுவது பொறுப்பின்மை ஆகாதா?

பெங்களூருவில் புனித மார்த்தா மருத்துவமனை 1886 முதல் இயங்கிவருகிறது. நல்லாயன் சபைச் சகோதரிகள் நிறுவியது. லூக்கா நற்செய்தியில் இயேசுவுக்கு விருந்தோம்பிய மார்த்தா, பணிவிடையால் அலைக்கழிக்கப்பட்டதற்காக அன்புடன் கண்டிக்கப்பட்டவர். அவர் பெயரை மருத்துவமனைக்குச் சூட்டியது பொருத்தமே. ஏனெனில் அங்கே குறையாகச் சொல்லப்பட்டது அவருடைய உழைப்பு அன்று, பலவற்றால் பலபக்கம் இழுபட்ட உள்ளம். இரவுப்பணியில் இருக்கும் செவிலி ஒருவர் மாலைப்புகழ் பாடச் செல்வதற்காக நோயாளியை விட்டுவிட்டுப் போக முடியாது. கட்டிலருகே நோயாளி அழுத்தும் மணியே அவருக்குரிய மணி. 1633-இல் அன்புப் புதல்வியர் சபையை உருவாக்கிய புனித வின்சென்ட் தே பவுல், ஏழையின் அழைப்புக்காகச் செபத்தை விட்டு எழுபவர் இறைவனை இழப்பதில்லை என்று தம் சகோதரிகளுக்குத் தெளிவுபடுத்தினார். வேலைக்கு நடுவே செபத்துக்கு எழுந்த எகிப்தியத் துறவியும், செபத்துக்கு நடுவே நோயாளியிடம் ஓடிய சகோதரியும் செய்தது ஒரே செயல். இருவரும் தம் விருப்பத்தைக் கீழே வைத்தனர்.

பெனடிக்டும் இதை அறிந்திருந்தார். மடத்துக்கு விருந்தினர் வேளைகெட்ட வேளையில் வருவர், வராமல் இருக்கமாட்டார்கள் என்று 53-ஆம் அதிகாரத்தில் எழுதினார். அவர்களைக் கிறிஸ்துவாகவே ஏற்கவேண்டும். மடத்துத் தலைவர் விருந்தினருக்காகத் தம் உபவாசத்தையும் முறிக்கலாம். கூடவே, நேரங்கெட்டு வருவோரால் மற்றத் துறவியரின் அமைதி குலையாதிருக்கத் தனி அடுக்களையும் வைக்கச் சொன்னார். இரக்கமும் கணக்கும் அவரிடம் சேர்ந்தே இருந்தன. பொறுப்பின்மை குறித்த ஐயத்துக்கும் அந்நூலில் விடையுண்டு: மடத்தின் கருவிகளைப் பலிபீடத்துப் பாத்திரங்களைப்போல் பேணவேண்டும் என்கிறது 31-ஆம் அதிகாரம். மண்வெட்டியை வீசி எறிந்துவிட்டுச் செபத்துக்கு ஓடிவருவதை அவர் ஏற்றிருக்கமாட்டார்.

ஒரு மணிநேர வேலையை விடுவது ஒருபுறமிருக்க, ஒரு வாழ்நாள் முயற்சியையே பாதியில் விடவேண்டி வந்தால்? இங்கிலாந்திலிருந்து 1955-இல் இந்தியா வந்த பீட் கிரிஃபித்ஸ் என்ற பெனடிக்டைன் துறவி, கெங்கேரியில் ஒரு மடத்தை உருவாக்க முனைந்தார். அம்முயற்சி நிலைபெறவில்லை. 1958-இல் அதை விட்டுக் கேரளத்தின் குரிசுமலைக்குச் சென்றார். பத்தாண்டு கழித்து 1968-இல் அங்கிருந்தும் எழுந்து, குளித்தலை அருகே காவிரிக்கரையில் உள்ள சாந்திவனத்துக்கு வந்தார். 1993-இல் அவர் மறையும்வரை அதுவே அவர் இருப்பிடம். அந்தச் சாந்திவனமோ ஜூல் மொன்ஷனேன், ஆன்றி லெ சோ என்ற இரு பிரெஞ்சுத் துறவியர் 1950 மார்ச் 21-இல், பெனடிக்டின் திருநாளன்று தொடங்கியது. எதிர்பார்த்த துறவியர் கூட்டம் அங்கே உருவாகுமுன் 1957-இல் மொன்ஷனேன் பாரிஸில் காலமானார். தம் ஏட்டில் ஓர் எழுத்தைப் பாதியில் விட்டு அவர் எழுந்தார். அதைத் தொடர்ந்து எழுதவேண்டியவர் அப்போது கெங்கேரியில், தாம் வேறோர் எழுத்தை எழுதுவதாக எண்ணிக்கொண்டிருந்தார்.

அழைப்புக்கு உடனே எழுபவர் சிலரே. தாமதித்து வருபவனை என்ன செய்வது என்பதையும் பெனடிக்ட் எழுதிவைத்தார். அவன் கடைசி இடத்தில், எல்லோரும் காணும்படி நிற்கவேண்டும். ஆனால் வெளியே நிற்கக்கூடாது. வெளியே விட்டால் திரும்பிப்போய்ப் படுத்துவிடுவான், அல்லது உட்கார்ந்து கதை பேசுவான். உள்ளே வந்தால் எல்லாவற்றையும் இழக்கமாட்டான். இரவு விழிப்பில் எந்தப் பாடல் முடிவதற்குள் வந்துவிட்டால் தாமதமாகக் கருதப்படாது என்றும் அவர் வரையறுத்தார். இன்றைய கணக்கில் அது 95-ஆம் திருப்பாடல். அதை இழுத்து, மிக மெதுவாகப் பாடும்படி அவர் பணித்த காரணமும் அதுவே.